உயிரோடு இருக்கிறவள் பாடட்டும்

2024 செப்டம்பர் 5ஆம் திகதி ரெண்டு விசயம் நடந்தது. விஜயின் 'கோட்' படம் தியேட்டருக்கு வந்தது. அதே நாள் லிங்கின் பார்க் ஏழு வருசத்துக்குப் பிறகு மேடை ஏறியது (அமெரிக்காவில் 5ஆம் திகதி, இங்க எங்களுக்கு அடுத்த நாள் விடியமுன்).

'கோட்' படத்தில் 'சின்னச் சின்னக் கண்கள்' என்று ஒரு பாட்டு. அதில் விஜயோடு கேட்கிற குரல் பவதாரிணியுடையது. அவர் அந்த வருசம் ஜனவரி 25ஆம் திகதி, இதே இலங்கையில், வைத்தியத்துக்கு வந்த இடத்தில் இறந்துபோனவர். ஏஐ வைத்து அவர் குரலைத் திரும்பச் செய்து பாட வைத்திருந்தார்கள். விஜயகாந்தும் அந்தப் படத்தில் வந்தார். அவர் இறந்தது 2023 டிசம்பரில். தியேட்டரில் விசில் பறந்தது, சில பேர் அழுதார்கள், "என்ன மரியாதை பாருங்க" என்று ஸ்டேட்டஸ் போட்டார்கள்.

லிங்கின் பார்க் மேடையில் இறந்தவர் யாரும் நிற்கவில்லை. எமிலி ஆம்ஸ்ட்ராங் என்ற பெண் உயிரோடு நின்று, தொண்டை கிழியப் பாடினார். அவருக்குக் கிடைத்தது என்ன? துரோகம், பிணத்தை வைத்துப் பிழைப்பு, செஸ்டர் இல்லாட்டி லிங்கின் பார்க் இல்ல.

ரெண்டையும் சொன்னது ஒரே ஆட்கள், ஒரே கிழமையில், ஒரே போனிலிருந்து. எங்களுக்கு எரிகிற இடம் இதுதான். உயிரோடு இருக்கிற பாடகி துரோகி, இயந்திரத்தில் பாடுகிற இறந்தவர் மரியாதை. இந்தத் தலைகீழ்க் கணக்கை யாரும் கேள்வி கேட்கிற மாதிரித் தெரியல, அதனால் நாங்கள் கேட்கிறோம்.

முதலில் நாங்கள் எங்கிருந்து கதைக்கிறோம் என்று சொல்லிவிடுவோம். பலாபத்வல. மாத்தளையிலிருந்து தம்புள்ளைக்குப் போகிற ஏ9 ரோட்டில், அலுவிகாரையைத் தாண்டினால் வருகிற ஊர். சுற்றி வாசனைத் திரவியத் தோட்டம், மிளகு, கொக்கோ, மேல ஏறினால் தோட்டத்து லயங்கள். இங்க மெட்டல் கச்சேரி நடந்ததும் இல்ல, நடக்கப் போவதும் இல்ல. கொழும்பில் ஸ்டிக்மாட்டா மாதிரி பேண்ட்கள் 2000களின் தொடக்கத்திலிருந்தே வாசிக்கிறாங்க, ஆனா இரவு கச்சேரி முடிந்தால் எங்களுக்குத் திரும்பி வர பஸ் கிடையாது. எங்களுக்கு லிங்கின் பார்க் வந்தது மெமரி கார்டில். டவுனில் போன் கடையில் காசு கொடுத்தால் ஒரு கார்டு நிறையப் பாட்டு ஏற்றித் தருவார்கள். முக்கால்வாசி இளையராஜா, கொஞ்சம் கானா, நடுவில் யாரோ ஒரு அண்ணனின் புண்ணியத்தில் 'ஹைப்ரிட் தியரி'. 2000 ஒக்டோபரில் வந்த அந்த அல்பம் எங்களில் எல்லாரையும் விட வயசில் மூத்தது. இங்கிலீஷ் புரியாத வயசில் 'இன் தி என்ட்' பாட்டை மனப்பாடம் பண்ணி, பள்ளிக்கூட வேனில் கத்தினோம். 2017 ஜூலை 20ஆம் திகதி செஸ்டர் பென்னிங்டன் தன் உயிரைத் தானே எடுத்துக்கொண்டார் என்று கேட்டபோது எங்களுக்கு வயசு பதினாலு, பதினைந்து. எங்களுக்குத் தெரிந்த யாரோ வீட்டில் நடந்த சாவு மாதிரி இருந்தது. அதனால் "உங்களுக்கு செஸ்டர் மேல பாசம் இல்ல, அதான் இப்படிக் கதைக்கிறீங்க" என்று யாரும் கிளம்ப வேண்டாம்.

(இன்னொரு கூட்டம் வரும்: "லிங்கின் பார்க் எல்லாம் மெட்டலா?" மச்சான், கால் நூற்றாண்டா இந்தச் சண்டை நடக்குது. நூ-மெட்டல் என்று பெயர் வைத்தார்களே, அதில் கடைசிச் சொல்லைப் பாருங்க. மேல கதைப்போம்.)

2024 நவம்பர் 15ஆம் திகதி 'ஃப்ரம் ஸீரோ' அல்பம் வந்தது. எங்களில் ஒருத்தனின் மாமா கனடாவிலிருந்து லீவுக்கு வரும்போது அதன் வைனல் தட்டைக் கொண்டுவந்தார். பெரிய தட்டு, தாத்தாமார் ரெக்கோர்ட் என்று சொல்வார்களே, அது. அதைப் போட எங்க ஊரில் யாரிடமும் மெஷின் இல்ல. மாத்தளை டவுனில் ரேடியோ திருத்துகிற ஒரு அண்ணனிடம் பழைய டர்ன்டேபிள் ஒன்று இருந்தது, பெல்ட் மாற்றித் தந்தார். அவர் எங்களிடம் கேட்ட ஒரே கேள்வி, "இதில் டி.எம்.எஸ். பாட்டு இல்லையா?"

விலையைப் பற்றி ஒன்று சொல்லாமல் விட முடியாது. இந்தத் தட்டு வெளியில் 30 டொலர் அளவில் போகுது. எங்க காசுக்கு 9,000 ரூபாய், அனுப்புகிற செலவும் சுங்க வரியும் இல்லாமல். அல்பம் வருவதற்கு ரெண்டு மாதத்துக்கு முன்னாடிதான், அதே 2024 செப்டம்பரில், தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்கூலியை 1,350 ரூபாய் ஆக்கினார்கள், அதுவும் எத்தனையோ போராட்டத்துக்குப் பிறகு. அந்தக் கூலிக்கு ஏறக்குறைய ஏழு நாள் கொழுந்து பறித்தால் ஒரு தட்டு. அதே பாட்டுகளை நிறம் நிறமா வேற வேற தட்டில் அச்சடித்து, "எல்லாத்தையும் சேர்த்து வையுங்க" என்று விற்கிறாங்க. 2022இல் அமெரிக்காவில் வைனல் தட்டுகள் எண்ணிக்கையில் சீடிக்களைத் தாண்டின, 1987க்குப் பிறகு முதல் தடவையா. வாங்குகிறவர்களில் எத்தனை பேர் உறையைப் பிரிக்கிறார்கள் என்பது வேற கதை. லிங்கின் பார்க் மேல கோபப்பட ஆசை என்றால் இங்க படுங்க, நாங்களும் சேர்ந்து கத்துறோம். ஆனா யாரும் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசல. எல்லாரும் கதைத்தது ஒரு பெண்ணின் தொண்டையைப் பற்றி.

தட்டில் ஒரு நல்லது இருக்கு. ஸ்கிப் பண்ண முடியாது. போனில் என்றால் முதல் பத்து செக்கனில் "செஸ்டர் மாதிரி இல்ல" என்று அடுத்ததுக்குப் போய்விடலாம். ஊசி வைத்துவிட்டால் வரிசையாகக் கேட்டே ஆகணும். மொத்தமே அரை மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் மேலதான், பதினொரு துண்டு. நாங்கள் தரையில் உட்கார்ந்து மூன்று தடவை கேட்டோம்.

எங்க தீர்ப்பு: நல்ல அல்பம், மகா அல்பம் இல்ல. 'தி எம்ப்டினஸ் மெஷின்' பாட்டை மைக் ஷினோடா தனியாகத் தொடங்குகிறார், எமிலியை உடனே காட்டவில்லை. அந்தக் குரல் உள்ளே நுழையும்போது கதவைத் தட்டாமல் வருகிற மாதிரி வருது. 'ஹெவி இஸ் தி கிரவுன்' பாட்டில் ஒரு நீண்ட அலறல், மூச்சே விடாமல். 2007இல் 'கிவன் அப்' பாட்டில் செஸ்டர் அப்படி ஒன்று இழுத்தார், அதற்கு இது கைகூப்புதல் என்று எல்லாருக்கும் தெரியும். 'கேஷுவல்டி' சுத்த ஹார்ட்கோர், மைக்கே கத்துகிறார், லயத்துக் கோயில் திருவிழா ஸ்பீக்கரில் போட்டால் பூசாரி ஓடிவிடுவார். 'டூ ஃபேஸ்ட்' கொஞ்சம் கூடுதலாகவே பழைய காலத்தை நக்குகிறது, ஜோ ஹானின் ஸ்க்ராட்ச் சத்தம் உட்பட. எங்களுக்குப் பிடித்தது 'ஓவர் ஈச் அதர்'. அதில் மைக் பாடவே இல்ல, முழுக்க எமிலி. கத்தல் குறைவு. வேற எந்தப் பாட்டையும் விட இதில்தான் அவர் யார் என்று தெரியுது, யாருடைய இடத்திலும் நிற்காமல் தன்னுடைய இடத்தில் நிற்கிறார்.

'ஸ்டெய்ன்ட்' எங்களில் இரண்டு பேருக்குப் பிடிக்கல. அதையும் சொல்லிவிட்டோம்.

இப்ப "செஸ்டர் இல்லாட்டி லிங்கின் பார்க் இல்ல" என்கிற வசனத்துக்கு வருவோம். அந்த பேண்ட் ஆரம்பத்தில் ஸீரோ என்ற பெயரில் இருந்தது. அல்பத்தின் பெயர் அங்கிருந்துதான் வருது. அப்ப பாடினவர் மார்க் வேக்ஃபீல்ட். அவர் விலகின பிறகு 1999இல் அரிசோனாவிலிருந்து ஒருத்தர் வந்தார். வேற பேண்டில் பாடி, அது உடைந்து, இசையே வேண்டாம் என்கிற அளவுக்கு வந்திருந்த ஒருத்தர். அவர்தான் செஸ்டர். லிங்கின் பார்க்கில் செஸ்டரே புதுப் பாடகர்.

அதை விடுங்க. 2013இல் ஸ்டோன் டெம்பிள் பைலட்ஸ் பேண்ட் தங்கள் பாடகர் ஸ்காட் வைலண்டை விலக்கிவிட்டு வேற ஆளைப் பிடித்தது. பிடித்த ஆள் செஸ்டர். ரெண்டு வருசத்துக்கு மேல அந்தப் பழைய பேண்டின் பழைய பாட்டுகளை, வைலண்ட் பாடின பாட்டுகளை, மேடை மேடையாகப் பாடினார். 'ஹை ரைஸ்' என்று ஒரு சின்னத் தட்டும் போட்டார். "வைலண்ட் இல்லாட்டி எஸ்.டி.பி. இல்ல" என்று அவருக்கும் ஏச்சு விழுந்தது. செஸ்டரின் பெயரைச் சொல்லி எமிலியை ஏசுகிறவர்கள், செஸ்டரே அந்த இடத்தில் நின்றவர் என்பதை எங்க கொண்டுபோய் வைப்பார்கள்? அடுத்தவரின் பாட்டை எடுத்துப் பாடுவது பாவம் என்று அவர் நினைத்திருந்தால் அந்த மேடைக்கே போயிருக்க மாட்டார்.

மெட்டல் வரலாறே இப்படி மாறின குரல்களால் ஆனது. 1980 பெப்ரவரி 19ஆம் திகதி ஏசி/டிசியின் பான் ஸ்காட் இறந்தார். அதே வருசம் ஜூலையில் பிரையன் ஜோன்சனோடு 'பேக் இன் பிளாக்' வந்துவிட்டது. அட்டை முழுக்கக் கறுப்பு, துக்கத்துக்காக. உலகத்தில் அதிகமாக விற்ற அல்பங்களில் ஒன்று அது. ஐந்து மாதம்! லிங்கின் பார்க் ஏழு வருசம் காத்திருந்தது, அப்படியும் "அவசரப்பட்டுட்டாங்க" என்கிறார்கள். ஓசி ஒஸ்போர்ன் போய் டியோ வந்து பிளாக் சபாத் 'ஹெவன் அண்ட் ஹெல்' செய்ததும் அதே 1980. அலிஸ் இன் செயின்ஸின் லேய்ன் ஸ்டேலி 2002இல் இறந்தார், 2009இல் வில்லியம் டுவால் சேர்ந்து புது அல்பம். செபுல்டுராவில் டெரிக் கிரீன் 1998 அல்பத்திலிருந்து பாடுகிறார். மேக்ஸ் கவலேரா அந்த பேண்டில் இருந்த காலத்தை விட ரெண்டு மடங்கு காலம், இன்னும் சில பேருக்கு அவர் "புதுப் பாடகர்"தான். அவர் கறுப்பினத்தவர் என்பதும் அந்த "இன்னும்" என்ற சொல்லுக்குள் ஒளிந்து கிடக்குது என்று நாங்கள் நினைக்கிறோம்.

எல்லாமே ஜெயித்த கதை இல்ல. அயர்ன் மெய்டனில் புரூஸ் டிக்கின்சன் போன பிறகு பிளேஸ் பெய்லி வந்து 'தி எக்ஸ் ஃபேக்டர்' (1995), 'வர்ச்சுவல் லெவன்' (1998) என்று ரெண்டு அல்பம் பாடினார். ரசிகர்கள் அவரை வாட்டி எடுத்தார்கள், 1999இல் புரூஸ் திரும்பி வந்தார். ஆனா பாருங்க, பெய்லி காலத்துப் பாட்டுகளான 'சைன் ஆஃப் தி கிராஸ்', 'தி கிளான்ஸ்மன்' ரெண்டையும் புரூஸே பிறகு மேடையில் பாடினார். அப்பொழுது அதே ரசிகர்கள் கூடவே கத்தினார்கள். ஜூடாஸ் பிரீஸ்ட் கதை வேற. ரொப் ஹால்ஃபோர்ட் போன பிறகு, தங்கள் பாட்டுகளையே காப்பியடித்துப் பாடிக்கொண்டிருந்த ஒரு பேண்டிலிருந்து டிம் ஓவன்ஸைக் கூட்டிவந்தார்கள். அபாரமான தொண்டை. ஆனா 'ஜுகுலேட்டர்' கேட்கும்போது எங்களுக்கு ஒரு ஆள் இன்னொரு ஆளின் சட்டையைப் போட்டுக்கொண்டு நிற்கிற உணர்வு போகல. பழைய குரல் மாதிரியே வேணும் என்று தேடினால் இப்படித்தான் முடியும். லிங்கின் பார்க் அதைத் தேடல. உலகம் முழுக்க செஸ்டர் மாதிரிப் பாடுகிற பெடியன்கள் ஆயிரம் பேர் இருக்கிறாங்க, ஒருத்தரையும் எடுக்கல. டெட் சாரா என்ற பேண்டில் வருசக்கணக்காகப் பாடிக்கொண்டிருந்த ஒரு பெண்ணை எடுத்தார்கள். அவரால் செஸ்டராக இருக்கவே முடியாது. அதனால்தான் எடுத்தார்கள் என்று நாங்கள் நம்புறோம்.

"பொம்பளைக் குரல் அந்தப் பாட்டுக்குச் சரிவராது" என்று சொல்கிற எங்க ஊர்ப் பெடியன்களிடம் ஒரு கேள்வி. மாசி மாதம் தோட்டத்தில் காமன் கூத்து பார்த்ததே இல்லையா? ரதிக்கு வேசம் கட்டுவது யார்? ஆம்பளை. மீசையை மழித்துவிட்டு, சேலை கட்டி, விடியவிடிய நின்று புருசனுக்காக அழுவார். பார்த்துக்கொண்டிருக்கிற ஆச்சிமார் எல்லாரும் கூட அழுவார்கள். ஒருத்தராவது "இது பொம்பளைக் குரல் இல்லையே" என்று எழும்பிப் போனதை நாங்கள் பார்த்ததில்ல. போன வருசம் ரதி கட்டினவர் இந்த வருசம் கொழும்புக்கு வேலைக்குப் போய்விட்டால், இல்ல செத்தே போய்விட்டால், வாத்தியார் இன்னொரு பெடியனைப் பழக்குவார். "பழையவர் மாதிரி வராது" என்று ரெண்டு கிழவர் முணுமுணுப்பார்கள், அது இருக்கத்தான் செய்யும். ஆனா கூத்தை நிறுத்து என்று யாரும் சொல்வதில்ல. பழையவரின் குரலைக் கெசட்டில் போட்டுவிட்டு வேசக்காரனை வாயசைக்கச் சொல்வதும் இல்ல.

அந்தக் கெசட் வேலையைத்தான் இப்ப ஏஐ செய்யுது.

தமிழில் இது 'கோட்' படத்தோடு தொடங்கல. 2024 பெப்ரவரியில் வந்த 'லால் சலாம்' படத்தின் 'திமிறி எழுடா' பாட்டில் பம்பா பாக்கியா, சாகுல் ஹமீது ரெண்டு பேருடைய குரலையும் ஏ.ஆர். ரஹ்மான் ஏஐ மூலம் பயன்படுத்தினார். பம்பா பாக்கியா 2022இலும் சாகுல் ஹமீது தொண்ணூறுகளின் கடைசியிலும் இறந்தவர்கள். குடும்பத்திடம் அனுமதி வாங்கினோம், உரிய காசும் கொடுத்தோம் என்று ரஹ்மான் வெளிப்படையாகச் சொன்னார். அது நேர்மை, மறுக்கல. எல்லாரும் அப்படி இல்ல. எஸ்.பி.பி.யின் குரலை அனுமதி இல்லாமல் ஏஐ-யில் செய்தார்கள் என்று 'கீடா கோலா' தெலுங்குப் படக்குழுவுக்கு அவர் மகன் சரண் வக்கீல் நோட்டீஸ் அனுப்ப வேண்டி வந்தது.

அனுமதி இருந்தால் எல்லாம் சரியா என்பதுதான் எங்க கேள்வி. அனுமதி குடும்பத்துடையது. பாடுவதா வேண்டாமா என்கிற முடிவு பாடகருடையது, அதை எடுக்க அவர் இல்ல. பவதாரிணி அந்தப் பாட்டைக் கேட்டுவிட்டு "தம்பி, இந்த மெட்டில் எனக்கு ஒரு இடம் ஒத்து வரல" என்று சொல்லியிருக்கலாம். சிரித்திருக்கலாம். இன்னொரு தடவை எடுப்போம் என்று கேட்டிருக்கலாம். பாடுவது என்றால் அவ்வளவும் சேர்ந்ததுதான். யுவன் தன் அக்காவை நினைத்துச் செய்ததை நாங்கள் பழிக்கல, துக்கத்தில் ஆள் என்னவும் செய்வார். அந்தத் துக்கத்தை ஒரு தொழில்நுட்ப விளம்பரமாக்கி, "இனி எந்தப் பாடகரும் சாக மாட்டார்" என்று கைதட்டுகிற எங்களைப் போன்ற ரசிகர்களைத்தான் பழிக்கிறோம்.

இந்தக் குரல்கள் எப்படிச் செய்யப்படுது என்று தெரிந்தால் கைதட்டுவது இன்னும் கஷ்டம். இயந்திரம் தானா எழும்பிப் பாடுவதில்ல. வழமையான முறை இது: முதலில் உயிரோடு இருக்கிற ஒரு பாடகர் முழுப் பாட்டையும் பாடுகிறார். எங்க இழுக்கணும், எங்க மூச்சு விடணும், எந்தச் சொல்லில் குரல் உடையணும் எல்லாம் அவருடைய வேலை. பிறகு, இறந்தவரின் பழைய பதிவுகளைக் கேட்டுப் பழகின மென்பொருள் அந்தப் பாட்டின் மேல இறந்தவரின் குரல் நிறத்தைப் பூசுது. சுவருக்குப் பெயின்ட் அடிக்கிற மாதிரி. நடிப்பு ஒருத்தருடையது, பெயர் இன்னொருத்தருடையது. மேடையும் இல்ல, போஸ்டரும் இல்ல, அடுத்த பாட்டுக்குக் கூப்பிடவும் மாட்டார்கள். இளம் பாடகர்களுக்கு இனி இதுதான் வேலை என்று வந்துவிட்டால் என்ன ஆகும் என்று யோசியுங்க. பாடத் தெரிந்த, சினிமாவில் ஆளைத் தெரியாத, மாத்தளையிலோ ஹட்டனிலோ இருக்கிற ஒரு பிள்ளைக்கு வாய்ப்பு வரும், செத்துப்போன ஒருத்தரின் குரலுக்கு அடியில் சுவராக நிற்கிற வாய்ப்பு.

இப்ப யூடியூபில் தேடிப் பாருங்க. 'ஃப்ரம் ஸீரோ' பாட்டுகளை "செஸ்டர் பாடினால் எப்படி இருக்கும்" என்று ஏஐ-யில் செய்து குவித்து வைத்திருக்கிறார்கள். எங்க கெம்பஸ் வட்ஸ்அப் குரூப்பில் ஒன்று வந்தது, "இதுதான்டா உண்மையான லிங்கின் பார்க்" என்ற குறிப்போடு, அழுகிற எமோஜியோடு. நாங்கள் ஹெட்போன் போட்டுக் கேட்டோம். மூச்சு விடுகிற இடம், சொல்லை நெரிக்கிற விதம், அலறல் உடைகிற விளிம்பு எல்லாம் தட்டில் கேட்டது அப்படியே. எமிலியின் பாட்டை எடுத்து அதன் மேல செஸ்டரின் நிறத்தைப் பூசியிருக்கிறார்கள், அவ்வளவுதான். அந்த அண்ணன் அழுதது எமிலியின் பாட்டுக்கு. அவளுடைய சொந்தக் குரலில் வந்தபோது ஏசினார், செத்தவரின் முகமூடியைப் போட்டதும் அழுகிறார்.

இதுக்கு ரசனை என்று பெயர் இல்ல.

இறந்தவரின் குரலை எந்த வகையிலும் தொடவே கூடாது என்று நாங்கள் சொல்லல. 2023இல் 'மெட்டியோரா' அல்பத்தின் இருபதாவது வருசத்துக்கு 'லாஸ்ட்' என்ற பாட்டு வெளியானது. செஸ்டர் தன் காலத்தில் பாடி, அல்பத்தில் சேராமல் கிடந்த பாட்டு. அதைக் கேட்டு நாங்களும் உடைந்துபோனோம். பீட்டில்ஸின் 'நவ் அண்ட் தென்' பாட்டிலும் ஜோன் லெனன் உண்மையில் பாடின பழைய டேப்பிலிருந்து அவர் குரலைப் பிரித்தெடுக்கத்தான் இயந்திரம் உதவியது. அவர்கள் பாடினார்கள், நாங்கள் கேட்கிறோம். பாடாததைப் பாடினதாகக் காட்டுவது வேற வேலை.

தட்டைக் கையில் எடுத்துப் பார்க்கும்போது இது இன்னும் தெளிவாகத் தெரியுது. அந்தக் கோடுகளில் ஒரு நாளின் காற்று அழுந்திக் கிடக்கு, அன்றைக்கு அந்த அறையில் நின்றவர்களின் காற்று. 'ஹைப்ரிட் தியரி' தட்டில் செஸ்டர் இருக்கிறார், அவரை அங்கிருந்து யாராலும் அழிக்க முடியாது. எமிலி வந்ததால் அந்தத் தட்டில் ஒரு கோடும் மாறல. இலங்கை வானொலியின் இசைத்தட்டுக் களஞ்சியத்தில் இறந்தவர்கள் எத்தனை ஆயிரம் பேர் பாடிக்கொண்டிருக்கிறார்கள்! கே.எஸ். ராஜாவும் அப்துல் ஹமீதும் பாட்டுக்கு முன்னாடி பாடகரின் பெயரைச் சொல்லிச் சொல்லித்தான் எங்க தாத்தாமாருக்கு அந்தப் பெயர்கள் பழகின. யார் பாடினது என்று சொல்வது அங்க ஒரு ஒழுக்கம். ஏஐ பாட்டுக்கு அந்த அறிவிப்பாளர்கள் என்ன பெயர் சொல்லியிருப்பார்கள்?

எமிலியைப் பற்றிக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கு, அதைத் தட்டிக்கழித்துவிட்டுப் போனால் நாங்களும் ரசிகர் மன்றம்தான். நடிகர் டேனி மாஸ்டர்சன் மேல பாலியல் வன்புணர்வு வழக்கு வந்தபோது, 2020இல், ஆரம்ப விசாரணை ஒன்றில் அவருக்கு ஆதரவாக எமிலி கோர்ட்டுக்குப் போயிருந்தார். மாஸ்டர்சனைக் குற்றவாளி என்று 2023இல் தீர்ப்பளித்து, 30 வருசத்திலிருந்து ஆயுள் வரை தண்டனை கொடுத்தார்கள். லிங்கின் பார்க் அறிவிப்பு வந்த மறுநாளே இது கிளம்பியது. தான் போயிருக்கக் கூடாது, அவரோடு அதற்குப் பிறகு பேசல என்று எமிலி அறிக்கை விட்டார். அந்த அறிக்கை போதுமா? எங்களுக்குள்ளேயே ஒத்துப்போகல. எங்களில் ரெண்டு பேர் போதாது என்கிறாங்க, அந்த அறிக்கையில் மாஸ்டர்சனின் பெயர்கூட இல்ல என்பது அவர்களுடைய வாதம். பாதிக்கப்பட்ட பெண்களின் பக்கமிருந்து வருகிற அந்தக் கோபம் நியாயமானது, அதை யாரும் "ஹேட்டர்" என்று அடைக்கக் கூடாது. ஆனா அந்தப் பெண்களின் பெயரை வாழ்க்கையில் ஒரு நாளும் உச்சரிக்காதவர்கள், கெம்பஸில் ஒரு பிள்ளை முறைப்பாடு கொடுத்தால் "அவன்ட எதிர்காலம் என்ன ஆகுறது" என்று கேட்கிறவர்கள், எமிலியை அடிக்க மட்டும் அந்த வழக்கைத் தடியா எடுக்கும்போது எங்களுக்கு வயிறு குமட்டுது.

செஸ்டரின் மகன் ஒருத்தரும் வெளிப்படையாக வருத்தப்பட்டார். அவருக்கு அந்த உரிமை இருக்கு, அப்பாவை இழந்தவர். அதற்கு நாங்கள் வாய் திறக்கமாட்டோம். ஆனா அவருடைய துக்கத்தை வாடகைக்கு எடுத்துக்கொண்டு வந்து எங்களிடம் நீதி கேட்காதீங்க. ஆயிரக்கணக்கான மைலுக்கு அப்பால் மெமரி கார்டில் பாட்டுக் கேட்ட எங்களுக்கும் உங்களுக்கும் அந்தச் சாவில் பங்கு கிடையாது. பாட்டில் மட்டும்தான் பங்கு.

தட்டு இப்ப பலாபத்வலயில், எங்களில் ஒருத்தன் வீட்டில் இருக்கு. டர்ன்டேபிளும் இந்த மாதக் கடைசி வரைக்கும் இருக்கும், அதற்குப் பிறகு அந்த அண்ணனுக்குத் திருப்பிக் கொடுக்கணும். கேட்க ஆசை உள்ளவங்க சனி, ஞாயிறில் வாங்க, மாத்தளையிலிருந்து தம்புள்ளை பஸ் எதில் ஏறினாலும் சரி. ஏசுவதற்கு வந்தாலும் பரவாயில்ல, முழுத் தட்டையும் கேட்டுவிட்டு ஏசுங்க. 'ஸ்டெய்ன்ட்' பாட்டைக் காப்பாற்ற யாராவது வந்தால் இன்னும் நல்லது.